இரண்டரைக் கோடு

சிங்காரம் லோரியின் பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே காளியண்ணனுக்கு ஒரு பல் போயிருந்தது. கொட்டகையின் சிமெண்டுத் தரையில், எண்ணெய்க் கறைக்கு நடுவில், அது கேட்பாரற்றுக் கிடந்தது.

காளியண்ணனை இரும்புத் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயது ஆள், நல்ல திடம். ஆனாலும் கட்டிப் போட்ட பிறகு திடம் என்ன செய்யும்? வலது காலை மட்டும் நீட்டி வைத்து, கெண்டைக்கால் அந்தரத்தில் நிற்கும்படி, முட்டிக்குக் கீழே ஒரு செங்கலும் கணுக்காலுக்கு அடியில் ஒரு செங்கலும் கொடுத்திருந்தார்கள். எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு ராத்தல் சம்மட்டி பக்கத்திலேயே சாய்ந்து நின்றது.

“அண்ணே, நீங்க இஞ்சின பாருங்க. நான் இவன பாத்துக்குறேன்,” என்றான் திருமாறன்.

லோரி அவனுடையது. தேயிலைத் தோட்டத்தின் மலைகளிலிருந்து பச்சைக் கொழுந்தை ஏற்றி வந்து தொழிற்சாலையில் இறக்கும் காண்ட்ராக்ட்டும் அவனுடையதுதான். முப்பத்தைந்து வயதாகியும் மூத்தவர்களை ‘அண்ணே’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். கோபம் வந்தால் அந்த மரியாதை கூடுமே தவிரக் குறையாது. அதுதான் அவனிடம் பயப்பட வேண்டிய விஷயம் என்று லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது முந்தின நாள் காலை. பத்தாம் நம்பர் மலையின் மேடு, நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும் மேடு. இந்த லோரியோ நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் லோரி, நாலு சிலிண்டர், ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. அதற்குத் தோட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வழி என்று அதைச் சொல்வதே வெட்கக்கேடு. மேடு வரும்போது ஓர் ஆள் ஆப்புக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு லோரியின் பின்னால் தொங்கிக்கொண்டே வர வேண்டும். லோரி இருமினால் குதிக்க வேண்டும். நின்றால் சக்கரத்துக்குக் கீழே கட்டையைத் தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்தவன் திருமாறனின் தம்பி தினேஸ்வரன், இருபத்து மூன்று வயது.

மூன்று நாளாகவே இஞ்சின் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. நேற்று பாதி மேட்டில் நாலு தடவை தடுக்கி, அப்படியே அணைந்துபோனது. தினேஸ் குதித்தான், கட்டையைத் தள்ளினான். மழையில் ஊறிய மண்ணில் கட்டை வழுக்கியது. ஒன்றரை டன் கொழுந்தோடு பின்சக்கரம் அவன் காலின்மேல் ஏறி, பள்ளத்தில் இறங்கித்தான் நின்றது. இன்று காலை ஆறு மணிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காளியண்ணன் மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் வரை கொழுந்து ஏற்றும் காண்ட்ராக்ட் அவனிடம்தான் இருந்தது. ஆயுத பூசையன்று இதே கொட்டகையில், நாலு கிளாஸ் உள்ளே போன பிறகு, “ஒன் லோரி மேட்டுல நிக்கும் பாருடா. நின்னு பின்னால உருளும்,” என்று ஊரே கேட்கக் கத்தியிருந்தான். போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு கேனோடு அவன் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையிலிருந்து இஞ்சின் தடுக்க ஆரம்பித்தது. இதற்கு மேல் திருமாறனுக்கு என்ன வேண்டும்?

சிங்காரம் தொழிற்சாலைப் பட்டறையில் முப்பத்து நாலு வருஷமாக மெக்கானிக். அக்காள் மகள் கல்யாணத்துக்காக ஆறு நாள் தாப்பாவில் இருந்துவிட்டு அன்று மத்தியானப் பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார். பையை வைப்பதற்குள் திருமாறனின் ஆள் குணாளன் வந்து வாசலில் நின்றான். லோரி ரிப்பேர் என்றுதான் அவரும் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் குணாளன் பின்னாலேயே தகரக் கதவைச் சாத்தினான்.

“மாறா, பாலாய்ல போயி ரிப்போட் கொடுப்பா. போலீசு பாத்துக்கும்,” என்றார் சிங்காரம்.

“பாலாய்ல கொடுத்தா தினேசுக்கு காலு மொளைக்குமாண்ணே?”

சிங்காரம் சாமான் பெட்டியைக் கீழே வைத்தார்.

“பிளக்கு, வயரு, அந்தக் கறுப்பு மூடி எல்லாம் போன மாசம் நீங்க கையால மாத்துனது. அத்தனையும் புதுசு. தானா கெடாது. எவனோ கை வச்சிருக்கான்.” திருமாறன் காளியண்ணனின் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினான். “எங்க கை வச்சான்னு மட்டும் காட்டுங்க. ஒரு காலுக்கு ஒரு காலு. அதுக்கு மேல இவன ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

சிங்காரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். இஞ்சினில் ஒரு குறையைக் கண்டுபிடித்தால் காளியண்ணன் கால் போய்விடும். குறையே இல்லை என்று சொன்னால் திருமாறன் நம்பப் போவதில்லை. ஒரு மனுஷனின் காலை இப்படி அவர் ஸ்பேனர் முனையில் தொங்கவிட்டுவிட்டார்களே என்று இருந்தது.

“ஸ்டாட் பண்ணு குணா,” என்றார்.

இஞ்சின் பிடித்தது. இரண்டு அடி ஒழுங்காக அடித்தது, பிறகு திணறியது, மறுபடி இரண்டு அடி. லோரி முழுக்க உதறியது. புகைக்குழாயிலிருந்து எரியாத பெட்ரோல் நாற்றம் அடித்தது. ஒவ்வொரு தடவை அது பெரிதாகத் தடுக்கும்போதும் திருமாறன் காளியண்ணனின் விலாவில் உதைத்தான். கோபத்தில் உதைக்கிற மாதிரிகூட இல்லை. கணக்காக, இஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு உதைத்தான்.

“அணைச்சிரு, அணைச்சிரு!” என்று சிங்காரம் கத்தினார்.

முதலில் பெட்ரோலைப் பார்த்தார். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஓர் ஊறுகாய்ப் போத்தலில் பிடித்து, கதவிடுக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “தண்ணி கலந்தா அடியில தனியா நிக்கும். சீனி போட்டா கரையாது, மணலாட்டம் படியும். பாரு மாறா, ஒண்ணும் இல்ல. சுத்தம்.”

திருமாறன் போத்தலை வாங்கிப் பார்த்தான். சிங்காரத்துக்கு ஒரு நிமிஷம் நெஞ்சுக்குள் காற்று வந்தது.

“அப்ப வேற எங்கயோ கை வச்சிருக்கான்,” என்று சொல்லிப் போத்தலைக் காளியண்ணனின் தலைக்கு மேலே தூணில் அடித்து உடைத்தான். கண்ணாடியும் பெட்ரோலும் அவன் முகத்தில் வழிந்தன. காயத்தில் பெட்ரோல் பட்டதும் காளியண்ணன் வாய்விட்டு அலறினான்.

“நா இல்லலா, மாறா! சத்தியமா நா இல்லலா! திருடத்தான் வந்தேன்! புல்லுவெட்டி மெசினுக்கு ரெண்டு லிட்டர் பெட்ரோல் திருடுனேன், அவ்ளோதான்! அந்த மாரியாத்தா மேல சத்தியம்!”

“திருடுன கை வேற என்னெல்லாம் செஞ்சுச்சு?”

கேள்வியோடு குத்தும் விழுந்தது. மூக்கு எலும்பு முறிந்த சத்தம் சிங்காரத்துக்குத் தெளிவாகக் கேட்டது. ஓடிப்போய்த் திருமாறனின் தோளைப் பிடித்தார். ஐம்பத்தெட்டு வயதுப் பிடி எவ்வளவுக்கு நிற்கும்? ஒரே உதறலில் லோரியின் மட்கார்டில் போய் மோதி விழுந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் இமையில் இறங்கியது.

“மன்னிச்சிருங்கண்ணே,” என்று திருமாறனே கை கொடுத்துத் தூக்கிவிட்டான். “நீங்க வேலய பாருங்க.”

பார்த்தார். வேறு என்ன செய்வது? மறுபடி இஞ்சினை ஓட விட்டு, பிளக்குகளுக்குப் போகும் வயர்களை ரப்பர்ப் பிடி போட்ட குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றாம் நம்பரைப் பிடுங்கியதும் இஞ்சின் தொய்ந்தது; அது உழைக்கிற சிலிண்டர். மூன்றைப் பிடுங்கினாலும் தொய்ந்தது. இரண்டைப் பிடுங்கினார், ஒரு மாற்றமும் இல்லை. நாலுக்கும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் லீவு போட்டால் யாருக்குத் தெரியும்?

இரண்டாம் நம்பர் பிளக்கைக் கழற்றினார். கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, அதைக் கொளுத்தப் பொறிதான் வரவில்லை. அதை ஒன்றாம் நம்பரில் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அங்கே அது ஒழுங்காக வேலை செய்தது, இரண்டாம் நம்பர் அப்போதும் செத்தே கிடந்தது. ஆக, பிளக்கின் மேல் குற்றம் இல்லை.

“ரெண்டும் நாலும்,” என்றான் தோளுக்குப் பின்னால் நின்ற திருமாறன். அவன் மூச்சு அவர் பிடரியில் பட்டது. “ரெண்டு எடத்துல கை வச்சிருக்கான்.”

இரண்டு இடம் இல்லை, ஒரே இடம் என்று சிங்காரத்துக்குப் பட்டுவிட்டது. நாலு பிளக்குக்கும் மின்சாரத்தை முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுப்பது ஒரு கறுப்புக் கிண்ண மூடி. அந்த மூடியின் மேல் இரண்டாம் வயரும் நாலாம் வயரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். குறை அங்கேதான் இருக்க வேண்டும்.

மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனால் மழைக்குப் பிறகு பனி இறங்கி, கொட்டகைக்குள் விளக்கு போட வேண்டிய அளவுக்கு இருட்டியிருந்தது. குறை தேட அந்த இருட்டு தோதுதான். சிங்காரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக் குனிந்தார். இஞ்சின் தடுக்கிய ஒவ்வொரு தடவையும் அந்த மூடியின்மேல் நீலமாக ஓர் இழை ஓடிப் பிளக்குக்குப் போகாமல் இரும்பில் இறங்கியது. தப்பித்துப் போகிற மின்சாரம். தனக்கென்று ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

பாதை என்னவென்று பார்த்தார்.

திருநீறு. மூடியின் நடுவில் குறுக்காக மூன்று கோடு, ஈரத்தில் ஊறிச் சாம்பல் நிறமாக இருந்தது. மேலே இரண்டு கோடு முழுதாகவும் மூன்றாவது பாதியோடும் நின்றன.

அந்தத் தோட்டத்தில் அந்த இரண்டரைக் கோட்டைத் தெரியாத ஆள் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் கொழுந்து உருட்டும் மெஷின் சிங்காரத்தின் வலது மோதிர விரலைப் பாதியில் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து அவர் பட்டை போட்டால் மூன்றாவது கோடு பாதியில் நின்றுவிடும். ஆயுத பூசைக்கு ஒவ்வொரு வருஷமும் அவர்தான் பூசாரி. லோரி, டிராக்டர், உருட்டும் மெஷின், ஆபீஸ் கிராணியின் மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் அவர் கைதான் பட்டை போடும்.

இந்த வருஷம் நடந்தது அப்படியே கண்முன்னால் வந்தது. எப்போதும் பானெட்டுக்கு மேலேதான் பூசுவார். இந்த வருஷம் திருமாறன் லோரிக்குப் புதிதாகச் சிவப்புச் சாயம் அடித்திருந்தான். திருநீற்றுத் தட்டோடு வந்தவரைத் தடுத்து, “அண்ணே, புதுச் சாயம், மேல பூசாதீங்க. கறை புடிச்சிரும். உள்ள பூசிருங்க,” என்று அவனே பானெட்டைத் தூக்கிப் பிடித்தான். உள்ளே எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு; அந்தப் புது மூடி மட்டும் துடைத்த நெற்றி மாதிரிப் பளபளத்தது. ஒட்டட்டும் என்று பன்னீர் விட்டுக் குழைத்த திருநீற்றை அதில் அழுத்திப் பூசிவிட்டு, கற்பூரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

வெயில் காய்ந்த நாளெல்லாம் அது ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது, பனி இறங்கியது, சாம்பல் நனைந்தது. நனைந்த சாம்பலில் மின்சாரம் ஓடும் என்று சிங்காரத்துக்குத் தெரியாதா? மூடியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் துடைக்காமல் விடாத ஆள்தான் அவர். ஆனால் அன்றைக்கு அவர் மெக்கானிக்காகப் போகவில்லை, பூசாரியாகப் போனார். மூளையைக் கழற்றிச் சாமான் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

தினேஸ் சின்னப் பிள்ளையில் பட்டறை வாசலில் பழைய டயரை உருட்டி விளையாடியது ஞாபகம் வந்தது. அந்தக் கால் இப்போது இல்லை. எடுத்தது சிங்காரத்தின் விரல்தான்.

ஆனால் மனுஷன் மனுஷன்தானே. “அணைச்சிரு குணா,” என்றார். கை தானாகப் பழந்துணியை எடுத்தது. முதல் கோட்டை அழுத்தித் துடைத்தது.

“கெடச்சுதாண்ணே?”

“ஒரு வயரு… லூசா இருக்கு போல.” சிங்காரத்தின் வாயிலிருந்துதான் வந்தது, அந்தப் பேடிச் சொல்.

“வயரு லூசா?” திருமாறன் சிரித்தான். “கேட்டியாடா குணா? வயரு லூசாம். தானா லூசாகுமா? இவன் லூசு பண்ணாம அது லூசாகுமா?”

சம்மட்டியை எடுத்தான். குணாளனுக்கே முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே, போதும்ண்ணே,” என்று முனகினான், நகரவில்லை. காளியண்ணன் இப்போது கத்தவில்லை. கால்சட்டை நனைந்து, மூத்திரம் செங்கல் வரை ஓடியிருந்தது. அடிக்கப் போகிறவனைப் பார்க்காமல் சிங்காரத்தைப் பார்த்தான். “அண்ணே,” என்றான், அவ்வளவுதான்.

சம்மட்டி தலைக்கு மேலே போனது.

“மாறா! நாந்தான்! நாந்தாண்டா பண்ணேன்!”

சம்மட்டி மேலேயே நின்றது.

“இவன காப்பாத்த பொய் சொல்லாதீங்கண்ணே.”

“பொய் இல்ல. இப்ப சொன்னதுதான் பொய். வா, வந்து பாரு.”

தன் குற்றத்துக்குத் தானே சாட்சி தேட வேண்டிய நிலைமை அவருக்கு. ஒரு கோட்டைத் துடைத்துவிட்டோமே என்று வேறு பதறினார். நல்ல வேளை, மிச்சம் ஒன்றரைக் கோடு இருந்தது. குணாளனை மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து மூடியின் மேல் தெளித்தார். நீலப்பொறி அந்தக் கோடுகளின் மேல் விறுவிறுவென்று ஓடியது. இஞ்சின் திணறித் திணறி அணைந்தது. பிறகு வலது கையை விரித்து மூடியின் பக்கத்தில் வைத்தார். வெட்டுப்பட்ட விரலுக்கு நேரே அந்தப் பாதிக் கோடு நின்றது.

குணாளன்தான் முதலில் வாய் திறந்தான். “ஆயுத பூசைக்குப் போட்டது. இது சிங்காரண்ணன் கோடுதாண்ணே.”

திருமாறன் சம்மட்டியைத் தாழ்த்தி, அந்தக் கோட்டையும் விரலையும் பார்த்தான். பிறகு சட்டையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஈரத்துல அது மின்சாரத்த இழுக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?”

“தெரியும்.”

“தெரிஞ்சா பூசுனீங்க?”

“யோசிக்கல மாறா. சாமி காரியம்னு யோசிக்காம பூசிட்டேன்.”

“தம்பிக்குக் காலு இல்ல. எந்திரிச்சதும் என்ன கேட்டான் தெரியுமா? கட்டைய நா சரியாத்தான வச்சேன்னு கேட்டான்.”

சிங்காரம் பழந்துணியை மடித்துச் சாமான் பெட்டியில் போட்டார்.

“கைய வைங்கண்ணே,” என்றான் திருமாறன்.

மட்கார்டைத் தட்டிக் காட்டினான். குணாளன் “ஐயோ, வேணாம்ண்ணே,” என்றான். கதவு இரண்டே எட்டில்தான் இருந்தது. சிங்காரம் ஓடவில்லை. ஒரே ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது: உள்ளே பூசச் சொன்னது நீதானே. அதைச் சொன்னால் சம்மட்டி இறங்காது என்று அவருக்கு நிச்சயம். ஆனால் அதைக் கேட்டபிறகு இந்தப் பையன் அந்தச் சம்மட்டியை எதன்மேல் போடுவான்? தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அந்த ஒரு வார்த்தையைத் தாங்குகிற சக்தி அவனுக்கு இல்லை என்று இவருக்குத் தெரிந்திருந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, வலது கையைச் சிவப்புச் சாயத்தின் மேல் விரித்து வைத்தார்.

சம்மட்டி இறங்கியது.

சத்தம் முதலில் தகரத்தின் சத்தமாகத்தான் கேட்டது. எலும்பின் சத்தம் அதற்குள் அடங்கிப் போயிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விரல் மாதிரியே இல்லை. சிங்காரம் முட்டி போட்டு விழுந்தார். வாய் திறந்தது, குரல் வரவில்லை. அப்புறம் வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை. தூணில் கட்டிக் கிடந்த காளியண்ணன் தன் வலியை மறந்து, “அடப்பாவி, கிழவன்டா, கிழவன்டா அவரு!” என்று அழுதான்.

திருமாறன் சம்மட்டியைக் கீழே போட்டான். மட்கார்டில் ஆழமாக ஒரு குழி விழுந்து, சாயம் உரிந்து, ரத்தம் தேங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நேற்றிலிருந்து அவனை நிமிர்த்தி வைத்திருந்தது எதுவோ, அது இறங்கிப் போய்விட்டது.

குணாளன் கயிற்றை அறுத்தான். காளியண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு விட்டபோது வாயோரம் ரத்த நுரை வந்தது. உடைந்த விலா உள்ளே எங்கோ குத்தியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி தானா ராத்தா டவுனில். தோட்டத்துப் பள்ளத்தில் போனுக்கு லைன் கிடையாது. அந்த நேரத்தில் வேறு வண்டியும் கிடையாது.

துண்டால் சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிங்காரம்தான் பேசினார். பல் கிட்டித்தபடி ஒவ்வொரு சொல்லாக வந்தது. “லோரிய எடுக்கணும். அந்த மூடியக் கழட்டு மாறா. நா சொல்றேன், நீ செய்யி.”

திருமாறன் செய்தான். மூடியைக் கழற்றினான். துணியால் துடைத்தால் மட்டும் போகாது, பொறி ஓடின இடம் கரியாகத் தீய்ந்திருக்கும், உப்புத்தாள் போட்டுச் சுரண்டு என்றார் சிங்காரம். சுரண்டினான். முதலில் முழுக்கோடு போனது. பாதிக் கோட்டைக் கடைசியில்தான் சுரண்டினான். உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, வயர்களை முறைப்படி மாட்டினான்.

குணாளன் ஸ்டார்ட் செய்தான். நாலு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்தன. ஒரு தடுக்கல் இல்லை, ஓர் உதறல் இல்லை. புதிதாக வாங்கிய அன்றுகூட அந்த லோரி அப்படி ஓடியிருக்காது.

பானெட்டை மூடும்போதுதான் அது நடந்தது. திருமாறன் இரண்டு கையாலும் பானெட்டைப் பிடித்திருந்தான். ஆயுத பூசையன்று பிடித்திருந்த அதே பிடி. மேலே புதுச் சாயம் கறை படாமல் மின்னியது. பாதி இறக்கிய பானெட்டோடு அப்படியே நின்றான்.

“மூடுப்பா, நேரமாவுது,” என்றார் சிங்காரம்.

மூடினான்.

காளியண்ணனை நடுவில் உட்கார வைத்தார்கள். அவன் தலை சிங்காரத்தின் தோளில் சாய்ந்தது, மூச்சு கொறகொறத்தது. சிங்காரம் கதவோரம் இருந்தார். திருமாறன் ஓட்டினான். மெயின் ரோட்டுக்குப் போக வேறு பாதை இல்லை. பத்தாம் நம்பர் மலையைத்தான் ஏற வேண்டும். மேட்டின் அடியில் குணாளன் இறங்கினான். ஆப்புக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்த் தொங்கினான்.

லோரி ஏறியது. இரண்டு பக்கமும் கவ்வாத்து வெட்டிய தேயிலை பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. நேற்றுச் சக்கரம் இறங்கிய பள்ளம் வந்தது. மண்ணில் இன்னும் அந்தத் தடம் இருந்தது. ஓரத்தில் தினேஸின் ஒரு சிலிப்பர் கிடந்தது. யாரும் எடுத்திருக்கவில்லை. இஞ்சின் பிசகாமல் இழுத்தது.

“அண்ணே.”

சிங்காரம் காளியண்ணனின் தலை சரியாமல் தோளைக் கொடுத்தார்.

“உள்ள பூசச் சொன்னது நாந்தானே?”

இஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருக்கப் பார்த்தார் சிங்காரம். முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அது கை வலிக்காக இல்லை.

“நாந்தானே தூக்கிப் புடிச்சேன்? சொல்லுங்கண்ணே, நாந்தானே?” திருமாறனின் முகம் கோணியது. முப்பத்தைந்து வயது ஆள் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். இஞ்சினின் வேகம் குறைந்தது. மேடு பாதிகூட முடியவில்லை.

சிங்காரம் நல்ல கையை நீட்டி அவன் முட்டியை அழுத்திப் பிடித்தார்.

“அழுவு, தம்பி. அழுதுகிட்டே மிதி. கால எடுத்துறாத. பின்னால குணா நிக்கிறான்.”